ஓட்டம் நின்ற ஆற்றில்

விரல் நீளம்தான் இருக்கும் அந்த மீன். தலை மலையைப் பார்த்திருக்கிறது, வால் கடலைப் பார்த்திருக்கிறது. வால் பக்கமாகவே ஆற்றோடு இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறது. மே மாதம், பனி உருகி ஆறு கரை தொட்டு ஓடும் காலம். தலையை எதிர்நீரில் வைத்துக்கொண்டால் செவுளுக்குள் நீர் தாராளமாகப் புகும், பாறையில் மோதாமல் ஒதுங்கவும் முடியும். வேகமான நீரில் அது செய்ய வேண்டியது அவ்வளவுதான். கொண்டுபோகிற வேலையை ஆறு பார்த்துக்கொள்ளும்.

இது சாக்கை என்ற வகை சால்மனின் குஞ்சு. பிறந்த இடம் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், சாட்டூத் மலைகளின் நடுவே சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரெட்ஃபிஷ் ஏரி. அங்கிருந்து சால்மன் ஆறு, பிறகு ஸ்னேக் ஆறு, பிறகு கொலம்பியா என்று மூன்று ஆறுகள் வழியாக ஏறக்குறைய 1,450 கிலோமீட்டர் போனால்தான் பசிபிக் கடல். பருவம் வந்ததும் சிவப்பாக மாறும் இந்த மீன்கள் அந்த நீரில் நிறைந்திருந்ததால்தான் ஏரிக்கே அந்தப் பெயர்.

ஏரியிலிருந்து கிளம்பும்போதே குஞ்சின் உடம்பு மாறத் தொடங்கிவிடுகிறது. ஏரியில் ஒளிந்து வாழ உதவிய பக்கவாட்டுக் கருங்கோடுகள் மறைந்து, உடல் முழுக்க வெள்ளி பூசியதுபோல் ஆகிறது. திறந்த கடலில் மேலிருந்தும் கீழிருந்தும் பார்க்கும் எதிரிகளிடமிருந்து தப்ப அந்த மினுமினுப்பு வேண்டும். அதைவிட ஆழமான மாற்றம் செவுளில் நடக்கிறது. நன்னீரில் வாழும் மீனுக்கு உப்பு போதாது. செவுள் வழியாக உப்பை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். கடலில் நிலைமை தலைகீழ். அங்கே மிஞ்சும் உப்பை இடைவிடாமல் வெளியே தள்ளியாக வேண்டும். ஒரே உறுப்பு, எதிரெதிரான இரண்டு வேலைகள். ஒன்றை விட்டு மற்றதற்கு மாற, செவுளின் உயிரணுக்கள் தம்மையே திருத்தி அமைத்துக்கொள்கின்றன. குஞ்சு இன்னும் உப்பு நீரைக் கண்டதே இல்லை. அதற்குள் உடம்பு கடலுக்குத் தயாராகிவிடுகிறது.

இந்தத் தயார்நிலைக்குக் கெடு உண்டு. சில வாரங்களுக்குள் கடலைச் சேராவிட்டால் செவுள் பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்கும். ஆறு குஞ்சைக் கொண்டுபோகும் வேகமும் உடம்பு மாறும் வேகமும் பல்லாயிரம் ஆண்டுகளாக ஒன்றோடொன்று இசைந்து வந்திருக்கின்றன. அணைகளின் கதையைச் சொல்லும்போது பலரும் விட்டுவிடுவது இந்தக் கெடுவைத்தான்.

இறங்கும் வழியிலேயே இன்னொன்றும் நடக்கிறது. குஞ்சு தன் நீரின் மணத்தை மனத்தில் பதித்துக்கொள்கிறது. பிறந்த இடத்தின் மண், பாறை, பாசி, அழுகும் இலை எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு கிளையாற்று நீருக்கும் தனி மணத்தைக் கொடுக்கின்றன. தைராய்டு சுரப்பு கூடியிருக்கும் அந்த வாரங்களில், பிறப்பிடத்திலிருந்து ஒவ்வொரு சந்திப்பாகக் கடல்வரை அந்த மணங்கள் வரிசையாகப் பதிகின்றன. இதைக் கண்டுபிடித்தவர் ஆர்தர் ஹேஸ்லர் என்ற விலங்கியலாளர். 1940-களில் அவர் தம் சொந்த மாநிலமான யூட்டாவின் மலைப்பக்கம் நடந்து போனபோது, கண்ணுக்குத் தெரியாத ஓர் அருவியிலிருந்து பாசி மணம் காற்றில் வந்தது. மறந்தே போயிருந்த சிறுவயது நினைவுகள் அந்த மணத்தோடு வந்து நின்றன. சால்மனுக்கும் இப்படித்தானோ என்று அவருக்குத் தோன்றியது. பிறகு வாஷிங்டன் மாநிலத்தின் இஸக்வா ஓடையில் திரும்பி வரும் மீன்களைப் பிடித்து, சிலவற்றின் மூக்குத் துளைகளை அடைத்து, ஓடை இரண்டாகப் பிரியும் இடத்துக்குக் கீழே விட்டுப் பார்த்தார்கள். அடைக்காத மீன்கள் தத்தம் கிளைக்கே திரும்பின. அடைத்தவை வழி தெரியாமல் பிரிந்து போயின.

கடலில் பெரும்பாலும் இரண்டு ஆண்டு. அலாஸ்கா பக்கத்துக் குளிர்நீரில் மேய்ந்து இரண்டு, மூன்று கிலோ எடைக்கு வளர்ந்ததும், பூமியின் காந்தப் புலத்தை வழிகாட்டியாகக் கொண்டு மீன் கரையை நோக்கித் திரும்புகிறது. ஆற்று வாயை அடைந்ததும் உண்பதை நிறுத்திவிடுகிறது. சேமித்த கொழுப்பையும் தசையையும் எரித்தே 1,450 கிலோமீட்டர் எதிர்நீச்சல். போகப் போக உடல் செக்கச் சிவக்கிறது, தலை பச்சையாகிறது, ஆணின் தாடை கொக்கியாக வளைகிறது. ஏரியின் சரளைக்கரையில் பெண் மீன் பக்கவாட்டில் படுத்து வாலால் அடித்து அடித்துக் குழி பறித்து முட்டையிடும். ஆண் மீன் விந்து பாய்ச்சும். பின்பு இரண்டும் செத்துவிடும். செத்த உடல்களைக் கரடியும் காக்கையும் காட்டுக்குள் இழுத்துப் போகின்றன. சால்மன் ஏறும் ஆற்றங்கரை மரங்களில் கடலிலிருந்து வந்த நைட்ரஜனை ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். மலை உச்சிக் காட்டுக்குக் கடலிலிருந்து உரம் போய்ச் சேர, வேறு எந்தப் பெரிய பாதையும் இல்லை.

இப்போது அந்த வழியில் எட்டு அணைகள். கொலம்பியாவில் பானவில், தி டாலஸ், ஜான் டே, மெக்நேரி. ஸ்னேக்கில் ஐஸ் ஹார்பர், லோயர் மானுமெண்டல், லிட்டில் கூஸ், லோயர் கிரானிட். முதலாவது 1938-லும் கடைசியானது 1975-லும் முடிந்தன. எட்டும் மின்சாரம் தருபவை.

இந்த எட்டையும் கட்டியவர்கள் மீனை மறக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பானவில்லில் தொடக்கத்திலேயே மீன் ஏணி கட்டினார்கள். அணையின் ஓரமாக, சுமார் ஓரடி உயர வித்தியாசத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொட்டிகள். மேலேயிருந்து நீர் வழிந்து இறங்கும், மீன் தொட்டி தொட்டியாகத் தாவி ஏறும். ஏணியின் வாய் எங்கே இருக்கிறதென்று மீனுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக அந்த இடத்தில் தனியாகக் கூடுதல் நீரைப் பாய்ச்சுகிறார்கள். ஏணியின் ஒரு பக்கத்தில் கண்ணாடிச் சன்னல் உண்டு. அதற்குப் பின்னால் ஆள் உட்கார்ந்து, கடந்துபோகும் மீன்களை வகைவாரியாக எண்ணுகிறார். 1938-லிருந்து இந்தக் கணக்கு நடக்கிறது. ஏறும் பெரிய சால்மன்களில் மிகப் பெரும்பாலானவை ஏணி வழியாகக் கடந்துவிடுகின்றன. அந்தச் சன்னல் முன் நின்று பார்த்துவிட்டு வரும் சுற்றுலாப் பயணி, பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றே நினைப்பார். நியாயம்தான். ஏறும் மீன் கண்ணுக்குத் தெரிகிறது. இறங்கும் குஞ்சு தெரிவதில்லை.

அணை என்றதும் நம் கண்ணில் நிற்பது சுவர். மீனுக்குப் பெரிய இடி, சுவருக்குப் பின்னால் தேங்கும் ஏரி. பானவில்லிலிருந்து லூயிஸ்டன் ஊர்வரை ஏறக்குறைய 500 கிலோமீட்டருக்குக் கொலம்பியாவும் ஸ்னேக்கும் எட்டு ஏரிகளின் தொடராகிவிட்டன. ஓர் ஏரியின் வால் முடியும் இடத்தில் அடுத்த அணை நிற்கிறது. ஆற்றில் வரும் நீரின் அளவு குறையவில்லை. ஆனால் அதே நீர் இப்போது பலமடங்கு ஆழமும் அகலமும் கொண்ட இடத்தை நிரப்பிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் வேகம் செத்துவிட்டது. வாலைக் கடல் பக்கம் வைத்துக் காத்திருக்கும் குஞ்சை யாரும் கொண்டுபோகவில்லை. அது திரும்பி, தன் பலத்திலேயே நீந்த வேண்டும். கடலில் செலவழிக்க வைத்திருந்த கொழுப்பை ஏரியில் செலவழிக்க வேண்டும். நாள்கணக்கில் முடிந்த இறக்கம் வாரக்கணக்காக நீண்டுவிட்டது. செவுளின் கெடு மட்டும் நீளவில்லை.

தேங்கிய வெதுவெதுப்பான நீர் குஞ்சு தின்னிகளுக்கு வசதி. பைக்மின்னோ என்ற உள்ளூர் மீன் அணைகளின் அடியில் காத்திருந்து தின்று பெருத்தது. அதைத் தூண்டிலில் பிடித்துக் கொடுப்பவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கும் திட்டம் 1990-களின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது. வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பாஸ், வால்ஐ போன்ற வேட்டை மீன்களும் இந்த ஏரிகளில் செழித்திருக்கின்றன. வானிலிருந்தும் ஆபத்து. ஆய்வாளர்கள் குஞ்சுகளின் உடலுக்குள் 12 மில்லிமீட்டர் நீளக் கண்ணாடிக் குழாயில் அடைத்த மின்னணு அடையாளத்தைச் செலுத்தி விடுகிறார்கள். அணையின் குழாயில் பொருத்திய அலைவாங்கியைக் கடக்கும்போது அது தன் எண்ணைச் சொல்லும். கொலம்பியாவின் வாய்க்கருகே ஆலாப் பறவைகள் கூட்டமாகக் கூடு கட்டும் தீவுகளில், பறவைகள் கிளம்பிப் போனபிறகு மணலைத் துழாவிப் பார்த்தபோது அந்தக் குழாய்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. எச்சத்தோடு விழுந்தவை. எட்டு அணை தாண்டி, கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது போனவை.

அணையைத் தாண்டுவது எப்படி? குஞ்சுக்கு மூன்று வழிகள்.

முதலாவது டர்பைன். அதன் இறக்கைகளில் அடிபட்டுத்தான் மீன் சாகும் என்று எண்ணத் தோன்றும். சிறு குஞ்சுகளில் பல, இறக்கையில் படாமலே தப்பிவிடுகின்றன. அவற்றைக் கொல்வது அழுத்தம். அணையின் ஆழத்தில் நுழைவாயிலை நோக்கி இறங்கும்போது நீரின் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. இறக்கையைத் தாண்டிய மறுகணம், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில், அழுத்தம் சடாரென்று சரிகிறது. மீனின் காற்றுப்பை உப்புகிறது. சால்மனால் காற்றை வாய் வழியாக வெளியேற்ற முடியும்; ஆனால் அந்த ஒரு நொடி அதற்குப் போதாது. பை வெடிக்கலாம், கண் பிதுங்கலாம், இரத்தத்தில் கரைந்திருந்த வாயு குமிழிகளாகக் கிளம்பலாம். உள்ளே என்ன நடக்கிறதென்று அறிய, பசிபிக் வடமேற்கு தேசிய ஆய்வகத்தில் குஞ்சின் அளவிலேயே ஒரு மின்னணு மீனைச் செய்தார்கள். அதை டர்பைன் வழியாக அனுப்பி, அழுத்தமும் அதிர்ச்சியும் நொடிக்கு ஏறக்குறைய 2,000 முறை பதிவாவதைப் படித்து, புதிய டர்பைன்களின் வடிவத்தை அதற்கேற்பத் திருத்துகிறார்கள். எனக்கு மிகவும் மதிப்புக்குரிய வேலையாகத் தோன்றுவது இது.

இரண்டாவது வழி, டர்பைன் வாயில் வலை போட்டுக் குஞ்சுகளைத் திருப்பி, தனிக் குழாய் வழியாகக் கீழே இறக்குவது. அப்படித் திருப்பியவற்றில் லட்சக்கணக்கானவற்றைப் பல ஆண்டுகளாகப் படகிலும் லாரியிலும் ஏற்றி, பானவில்லுக்குக் கீழே கொண்டுபோய் விடுகிறார்கள். அணைகளிலிருந்து தப்பித்துவிட்டது போலத்தான் தெரியும். ஆனால் படகில் போன குஞ்சுக்கு வழியின் மணங்கள் ஒழுங்காகப் பதிவதில்லை. திரும்பி வரும்போது அவற்றில் கூடுதலானவை வழிதவறி வேறு ஆறுகளுக்குள் போய்விடுகின்றன என்று தெரியவந்திருக்கிறது.

மூன்றாவது, மதகைத் திறந்து நீரோடு நீராக வழியவிடுவது. மூன்றில் குஞ்சுக்கு நல்லது இதுதான். இதிலும் ஒரு சிக்கல் இருந்தது. உயரத்திலிருந்து விழும் நீர் காற்றையும் இழுத்துக்கொண்டு ஆழத்தில் பாய்வதால், அளவுக்கு மீறிய நைட்ரஜன் நீரில் கரைகிறது. அந்த நீரில் நீந்தும் மீனின் செவுளிலும் துடுப்பிலும், மூடி திறந்த சோடா பாட்டிலில் போல, குமிழி கட்டிவிடும். 1960-களிலும் 70-களிலும் இதனால் ஏராளமான மீன்கள் செத்தன. பிறகு மதகின் அடியில் நீரைத் தட்டையாகத் திருப்பிவிடும் கான்கிரீட் உதடுகளைக் கட்டிச் சிக்கலைப் பெருமளவு குறைத்தார்கள்.

இவ்வளவு செய்த பிறகு, வசந்த காலத்தில் ஓர் அணையைக் கடக்கும் குஞ்சுகளில் நூற்றுக்கு 96 பிழைக்க வேண்டும் என்பது இன்றைய இலக்கு. பல அணைகள் அதை எட்டுகின்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எட்டு முறை பெருக்கிப் பாருங்கள்: நூறு குஞ்சுகளில் 72 மிஞ்சும். அது அணைகளுக்கு மட்டுமான கணக்கு. இடையிலுள்ள ஏரிகளின் சாவையும் சேர்த்தால், லோயர் கிரானிட்டிலிருந்து பானவில் தாண்டும்போது ஏறக்குறைய பாதிதான் உயிரோடு இருக்கும். பிழைத்தவற்றிலும் பல, அடிபட்டும் களைத்தும் போனதால் கடலில் சில நாட்களிலேயே சாகின்றன என்று உயிரியலாளர்களில் பலர் கருதுகிறார்கள். கடலுக்குக் கிளம்பிய நூறு குஞ்சுகளில் இரண்டாவது வளர்ந்து திரும்பினால்தான் இந்த இனங்கள் தாக்குப்பிடிக்கும். நான்கு, ஐந்து திரும்பினால் பெருகும்.

ரெட்ஃபிஷ் ஏரிக்கு 1990-இல் ஒரு மீன்கூடத் திரும்பவில்லை. 1991-இல் நான்கு வந்தன. அந்த ஆண்டுதான் இந்த இனத்தை அழிவின் விளிம்பில் உள்ளதாகச் சட்டப்படி அறிவித்தார்கள். 1992-இல் ஒன்றே ஒன்று. ஆண் மீன். ஜோடி இல்லை. மக்கள் அதற்கு 'தனிமையான லாரி' என்று பெயர் வைத்தார்கள். அதன் விந்தை எடுத்து உறைய வைத்தார்கள். 1991-லிருந்து 1998 வரை மொத்தமே 16 மீன்கள். திரும்பிய ஒவ்வொன்றையும் பிடித்துப் பண்ணைத் தொட்டிகளில் சந்ததி வளர்த்துத்தான் இந்த மரபே காப்பாற்றப்பட்டது. 2014-இல் 1,500-க்கும் மேல் திரும்பின. எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது.

அடுத்த ஆண்டே வெப்பம் வந்தது. 2015-இல் மலையில் பனி குறைவு, ஜூன் மாதமே கடும் வெயில். சால்மனுக்கு 20 டிகிரி செல்சியஸ் தாண்டினால் ஆபத்து. தேங்கிக் கிடந்த நீர் அதைத் தாண்டிச் சூடானது. ஏணியிலும் சிக்கல்: ஏணிக்கு நீர் ஏரியின் மேல்மட்டத்திலிருந்து வருகிறது. மேல்மட்டம்தான் மிகவும் சூடானது. அடியிலுள்ள குளிர்நீரிலிருந்து ஏணிக்குள் தலை நீட்டிய மீன்கள் சூட்டை உணர்ந்து பின்வாங்கின. பின்வாங்கியவை கீழேயே வெந்தன. கொலம்பியாவுக்குள் நுழைந்த ஐந்து லட்சம் சாக்கைகளில் பாதி செத்தன. ரெட்ஃபிஷ் ஏரிக்குப் போக வேண்டியவை ஏறக்குறைய அத்தனையும் வழியிலேயே முடிந்தன. அதன் பிறகு லோயர் கிரானிட்டில் ஆழத்து நீரை இறைத்து ஏணியைக் குளிர்விக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

ஏணி சால்மனுக்காகக் கட்டியது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதே ஆற்றில் லாம்ப்ரே என்று ஒரு பழமையான உயிர் இருக்கிறது. தாடை கிடையாது, விலாங்குபோல் நீளமாக இருக்கும், வட்ட வாயால் பாறையைக் கவ்விப் பிடித்து, ஓய்வெடுத்து, ஒரு துள்ளு துள்ளி, மறுபடி கவ்வி, இப்படியே அருவியைக்கூட ஏறிவிடும். அதை ஏணியில் தோற்கடித்தது கான்கிரீட் தொட்டியின் கூரான விளிம்பு. செங்கோண மூலையில் வட்ட வாய் ஒட்டாது. நீரின் வேகம் அடித்துக்கொண்டு போய்விடும். இது புரிந்ததும் விளிம்புகளை உருட்டினார்கள், லாம்ப்ரேக்கென்று வழவழப்பான உலோகச் சரிவுகளை வைத்தார்கள். ஒரு விலங்கின் பயணம் அறுந்துபோக ஒரு மூலை போதுமானதாக இருந்திருக்கிறது. நூறாண்டுக்கு மேல் வாழக்கூடிய வெள்ளை ஸ்டர்ஜன் மீன்களோ ஏணியைப் பெரும்பாலும் பயன்படுத்துவதே இல்லை. அணைக்கும் அணைக்கும் இடையே அந்தந்த ஏரியில் சிறைப்பட்டிருக்கின்றன.

ஏணியே இல்லாத அணையும் உண்டு. கொலம்பியாவின் மேற்பகுதியில் 1942-இல் முடிந்த கிராண்ட் கூலி 168 மீட்டர் உயரம். அவ்வளவு உயரத்துக்கு ஏணி சாத்தியமில்லை என்று விட்டுவிட்டார்கள். அதற்கு மேலே கனடாவரை நீண்ட முட்டையிடும் நிலங்கள் எல்லாம் ஒரேயடியாகத் துண்டிக்கப்பட்டன. அந்த அணையின் ஏரியில் கெட்டில் அருவி மூழ்குவதற்கு முன், 1940 ஜூனில், அங்கே தலைமுறை தலைமுறையாகச் சால்மன் பிடித்த பழங்குடிகள் ஆயிரக்கணக்கில் கூடி மூன்று நாள் துக்கம் அனுசரித்தார்கள். 1957 மார்ச் 10-ஆம் தேதி தி டாலஸ் அணையின் கதவுகளை மூடியதும் சில மணி நேரத்தில் செலைலோ அருவி நீருக்கடியில் போனது. பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் மீன்பிடித்துச் சந்தை கூடிய இடம் அது. அங்கே மீன்பிடிக்கும் உரிமையை 1855 ஒப்பந்தங்களில் அமெரிக்க அரசே எழுதிக் கொடுத்திருந்தது. மீனுக்கு நேர்ந்ததை மீனோடு மட்டும் நிறுத்திப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வெப்பநாட்டு ஆறுகளில் நிலைமை இன்னும் கடினம். தாய்லாந்தின் மூன் ஆற்றில், மீகாங்கோடு சேரும் இடத்துக்குச் சற்று மேலே, 1994-இல் பாக் மூன் அணை முடிந்தது. உயரம் வெறும் 17 மீட்டர். அதற்கும் ஓர் ஏணி கட்டினார்கள். அந்த ஆற்றில் அதற்கு முன் பதிவான மீன் வகைகள் 265. எம்பிக் குதிக்கும் ஒரு குளிர்நாட்டு மீனை மனத்தில் வைத்துப் பிறந்த ஏணி, தரையோடு ஊரும் கெளுத்திக்கும் கூட்டமாகப் போகும் கெண்டைக்கும் என்ன செய்யும்? அணைக்கு மேலே மீன்பாடு 60 முதல் 80 சதவீதம்வரை விழுந்தது என்று உலக அணைகள் ஆணையம் 2000-இல் சொன்னது. கரையோர மக்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2001-இல் மதகுகளைத் திறந்து வைத்தார்கள். மீன்கள் மீகாங்கிலிருந்து ஏறி வந்தன.

மீகாங் மீன்களில் பல, சால்மனைப்போல் குழி பறித்து முட்டையைப் புதைப்பதில்லை. வெள்ளம் ஏறும்போது ஓடும் நீரில் சினையை விட்டுவிடும். முட்டையும் அதிலிருந்து பொரியும் கண்ணாடிபோன்ற இளங்குஞ்சும் நீரோட்டத்தில் மிதந்துகொண்டே பல நாள், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய், வெள்ளம் பரவிய சமவெளியில் இரை தேடத் தொடங்கும். ஓட்டம்தான் அவற்றைத் தாங்கிப் பிடிக்கிறது. வழியில் ஒரு நீர்த்தேக்கம் வந்தால் ஓட்டம் நின்றுபோகும். முட்டை மெல்ல அடிச்சேற்றில் இறங்கிவிடும். தாய்மீன் அணையை ஏறிக் கடக்க எவ்வளவு அருமையான ஏணி வைத்தாலும், அதன் பிள்ளைகள் திரும்பும் வழியில் அந்த ஏரி இருக்கும்.

காவிரியில் நடந்ததும் இதற்கு உறவுதான். உல்லம் மீன் வங்கத்தில் இலிஷ் என்று கொண்டாடப்படும் அதே மீன். கடலில் வளர்ந்து, புதுவெள்ளம் வரும்போது கொள்ளிடத்தில் ஏறி முட்டையிடும். பொறியாளர் ஆர்தர் காட்டன் 1830-களில் கட்டிய அணைக்கட்டுகள் அதன் வழியை மறித்ததை, 1870-களிலேயே மீனியலாளர் ஃபிரான்சிஸ் டே அரசுக்கு எடுத்துச் சொன்னார். ஆனாலும் உல்லம் வந்துகொண்டுதான் இருந்தது. 1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. அது கடலிலிருந்து வெகு தொலைவில், கொள்ளிடத்தின் கீழணைக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலே இருக்கிறது. ஆனாலும் மேட்டூர் வெள்ளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. ஆடியில் ஆறு பெருகிக் கடலுக்குள் பாயும் அந்தச் செந்நீர்தான் உல்லத்துக்கு அழைப்பு. அழைப்பு வராதபோது மீன் ஏறவில்லை. சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த பி. சுந்தரராஜ், மேட்டூர் அணையும் அது இந்தியாவுக்குத் தரும் பாடங்களும் என்று 1941-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். வெள்ளத்தைத் தேக்கினால் அணைக்குக் கீழேயுள்ள மீன்வளம் என்னவாகும் என்று இந்தியாவில் தெளிவாகச் சொன்ன முதல் எழுத்துகளில் அது ஒன்று. நாடு பெரிய அணைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இது என்னை மிகவும் வருத்துகிறது.

ஏரியை எடுத்துவிட்டால் ஆறு திரும்புமா? இதற்கு இப்போது பதில் கிடைக்கத் தொடங்கியிருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தின் எல்வா ஆற்றில் 1913-லும் 1927-லும் எழுந்த இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை படிப்படியாக இடித்தார்கள். பின்னால் தேங்கியிருந்த வண்டல் 2 கோடி கன மீட்டர். அது இறங்கி வந்து, அரித்துப்போயிருந்த கழிமுகத்தில் மறுபடி மணல்கரையைக் கட்டியது. வியக்க வைத்தது வேறொன்று. அணைகளுக்கு மேலே நூறாண்டு அடைபட்டுக் கிடந்த வானவில் டிரௌட் மீன்கள், பல தலைமுறையாகக் கடலையே காணாதவை. வழி திறந்ததும் அவற்றின் சந்ததி கடலுக்குப் போய், கோடைக்கால ஸ்டீல்ஹெட் மீன்களாக வளர்ந்து திரும்பியது. நூறாண்டு பயன்படாமல் கிடந்தும் அந்தப் பயணத்தின் மரபு அவற்றின் உடலிலிருந்து அழியவில்லை. லோயர் எல்வா கிளாலம் பழங்குடியினர் மீன்பிடிக்காமல் பொறுத்திருந்து, அணைகள் போன பிறகு முதன்முறையாக 2023-இல் தம் ஆற்றில் கோஹோ சால்மன் பிடித்தார்கள்.

கலிபோர்னியா, ஓரிகன் மாநிலங்களில் ஓடும் கிளாமத் ஆற்றில் 1918 முதல் 1962 வரை கட்டிய நான்கு அணைகளை 2023, 2024-இல் அகற்றினார்கள். யூரோக், கரூக் உள்ளிட்ட பழங்குடிகள் இருபது ஆண்டுக்கு மேல் போராடியதன் பலன் அது. 2002 செப்டம்பரில் சூடேறிய, குறைந்த நீரில் நோய் பரவி 30,000-க்கும் மேற்பட்ட சால்மன்கள் செத்து ஒதுங்கியதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். கடைசி அணையின் வேலை முடிந்தது 2024 அக்டோபர் தொடக்கத்தில். அதே மாதம் 16-ஆம் தேதி, நான்கு அணைகளும் இருந்த இடத்துக்கு மேலே ஓரிகனில் ஒரு கிளையோடையில் சினூக் சால்மனைக் கண்டார்கள். 1912-க்குப் பிறகு அங்கே வந்த முதல் சால்மன். இதற்காக விட்டுக்கொடுத்த மின்சாரம், அணைகளை நடத்திய மின்நிறுவனத்தின் உற்பத்தியில் 2 சதவீதம் அளவே.

ஸ்னேக் ஆற்றின் கணக்கு அவ்வளவு எளிதல்ல. கீழ் ஸ்னேக்கின் நான்கு அணைகள் சராசரியாக 1,000 மெகாவாட் கரியில்லா மின்சாரம் தருகின்றன. கடலிலிருந்து 750 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் லூயிஸ்டனிலிருந்து கோதுமை படகிலேயே துறைமுகம் போகிறது. காற்றும் வெயிலும் அந்த மின்சாரத்தையும், ரயில் அந்தக் கோதுமையையும் ஏற்றுக்கொள்ளச் செலவாகும், காலமும் ஆகும். ஆனால் ரெட்ஃபிஷ் சாக்கைக்கு வேறு ஆறு இல்லை. நான்கையும் திறந்துவிடுவதே சரி என்பது என் எண்ணம். கான்கிரீட்டை இடிக்கக்கூட வேண்டாம். அணையோடு சேர்ந்த மண்கரையை வெட்டினால் ஆறு பக்கவாட்டில் ஓடிவிடும். ஸ்னேக்கின் மீன்கள் பெருக இதுவே மையமான நடவடிக்கை என்று அமெரிக்க அரசின் கடல்சார் நிறுவனமான நோவா 2022-இல் அறிக்கை தந்தது. 2023 டிசம்பரில் அரசும் நான்கு பழங்குடிகளும் இரு மாநிலங்களும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. 2025 ஜூனில் புதிய அரசு அதிலிருந்து விலகியது. இடிக்க நாடாளுமன்றத்தின் அனுமதி வேண்டும். அது இன்னும் கிடைக்கவில்லை. உடன்பாட்டால் நின்றிருந்த பழைய வழக்கு மறுபடி ஓரிகன் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது.